ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற செட், நாடகம் மட்டும் ஒன்று: யார் இந்த தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள்?

2019 ஜூன் மாதம் நடிகர் சங்கத் தேர்தல் எவ்வளவு பரபரப்பாக நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு பக்கம் நாசர், விஷால் இருந்த பாண்டவர் அணி. எதிர்ப்பக்கம் பாக்யராஜ் தலைமையில் சுவாமி சங்கரதாஸ் அணி. டிவியில் அந்தப் பெயர் நாள் முழுக்க ஓடியது. ஓட்டு எண்ணவே 2022 மார்ச் ஆகிவிட்டது, பாண்டவர் அணி ஜெயித்தது. ஆனால் தோற்ற அணியின் பெயரில் இருந்த அந்த சங்கரதாஸ் யார் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர் தமிழ் பேசும் படம் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். அவர் இறந்தது 1922-ல். அப்படி இருந்தும் சினிமாக்காரர்கள் தங்கள் அணிக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஏன் என்று புரிய வேண்டுமென்றால், முதலில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஏதாவது ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும்.

இரவு 10 மணி. ஊர் மந்தையில் மேடை போட்டிருக்கிறது. சுவரில் ஒட்டிய நோட்டீஸில் நடிகர்களின் போட்டோ, போட்டோவுக்குக் கீழே அவரவர் ஊர். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்திருப்பார். இந்த செட் இதற்கு முன் ஒன்றாக மேடை ஏறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. மேக்கப் போடும் இடத்தில்தான் சிலர் முதல்முறையாக வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும். நாரதர் வருவார், தினைப்புனத்தில் வள்ளியோடு மணிக்கணக்கில் தர்க்கம் பண்ணுவார், வேடன் வருவார், கிழவர் வருவார், பொழுது விடியும்போது கல்யாணம் முடியும்.

இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். நாளைக்கு இதே ராஜபார்ட் வேறொரு ஊரில் வேறொரு ஸ்திரீபார்ட்டோடு நிற்பார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், நாடகம் மாறாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே பாடம் இருப்பதால்தான் இது சாத்தியம். அந்தப் பாடத்தை எழுதி வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது இதற்கு நேர் எதிரான ஒன்றுக்கு. சொன்ன பேச்சைக் கேட்கும், கலையாமல் நிற்கும், ஒரே கட்டுக்கோப்பான ஒரு கம்பெனிக்கு.

உப்பு ஆபீஸ் கணக்கர்

1867 செப்டம்பர் 7-ம் தேதி, தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரனார், அம்மா பேச்சியம்மாள். அப்பாவுக்கு ராமாயணம் சொல்வதில் பெரிய பெயர், ராமாயணப் புலவர் என்றே ஊரில் அழைத்தார்கள். பையனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான். அப்புறம் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணம், இலக்கியம் படிக்கப் போனார். அங்கே கூடப் படித்தவர் உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர். சினிமாப் பாட்டு எழுதிய உடுமலை நாராயணகவிக்கு குரு அந்தக் கவிராயர்தான். தமிழ்நாட்டின் மேடையும் சினிமாவும் எவ்வளவு நெருக்கமான சொந்தம் என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

படித்து முடித்த பையன் வேலைக்குச் சேர்ந்தது தூத்துக்குடியில், உப்புப் பண்டகசாலையில். கணக்கர் வேலை. அந்தக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பழைய பெயர். ஆனால் முத்து நம்பிப் பிழைக்கும் பொருள் இல்லை. சிப்பி விளைந்திருந்தால்தான் குளிப்பு உண்டு, இல்லையென்றால் வருஷக்கணக்கில் கிடையாது. உப்பு அப்படியில்லை. வெயில் இருக்கும் வரை பாத்தியில் விளையும், அம்பாரமாகக் குவியும், வெள்ளைக்காரன் அதற்கு வரி வசூலிப்பான், வரிக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் இது நிலையான சம்பளம் தரும் வேலை. குடும்பஸ்தர்கள் விட்டுப் போக யோசிக்கும் வேலை.

இவர் விட்டுவிட்டுப் போனார். அப்போது வயது 24.

கவனிக்க வேண்டியது, அது 1891. அதே வருஷம் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். வக்கீல்கள், அரசு அதிகாரிகள் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் நடிக்கும் சபை அது. தமிழ் நாடகத்துக்கு மரியாதை வாங்கித் தந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்கே நடித்தவர்களுக்கு வேறு பிழைப்பு இருந்தது. சங்கரதாஸ் போய்ச் சேர்ந்த உலகத்தில் நாடகம்தான் பிழைப்பு. இன்று கொட்டகை நிறைந்தால் சோறு, இல்லையென்றால் அடுத்த ஊர்.

கூத்தாடி என்பது அப்போது வசவுச் சொல். வீடு வாடகைக்குக் கிடைக்காது, பெண் கிடைக்காது. தமிழ் படித்த, கணக்கு வேலையில் இருந்த ஒருவர் அங்கே போவது குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

மேடையில் அப்போது என்ன நடந்தது?

பாட்டு எழுதிய பிரதிகள் இருந்தன. வசனம் பெரும்பாலும் நடிகரின் வாய்ச் சாமர்த்தியம். கைதட்டல் விழுந்தால் நீட்டுவார், விழாவிட்டால் ஆபாசத்துக்குத் தாவுவார். பார்ஸி கம்பெனிகள் கொண்டுவந்த தொங்கும் திரைகள், பளபள ஜோடனை, ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து ஒரு புது மேடை உருவாகிக்கொண்டிருந்த நேரம். ஆர்மோனியத்தை நாம் இன்று பழைய வாத்தியம் என்று நினைக்கிறோம். அன்றைக்கு அதுதான் லேட்டஸ்ட் மெஷின். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்றால் நடிகர் உச்ச சுருதியில் பாட வேண்டும். அவரைத் தாங்கிப் பிடிக்க இந்தப் பெட்டிதான்.

சங்கரதாஸ் முதலில் போய்ச் சேர்ந்தது ராமுடு ஐயர், கல்யாணராம ஐயர் நடத்திய குழுவில். பிறகு சாமி நாயுடு குழு. இங்கே அவர் நடிகர், அதோடு ஆசிரியர். அவருக்கு அமைந்த வேஷங்களைப் பாருங்கள்: இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். ஆள் உயரம், குரல் கனம், பாடினால் கணீர் என்று இருக்கும். பயமுறுத்தப் பிறந்தவர் மாதிரி.

அந்தப் பயமே அவர் நடிப்பை முடித்துவைத்தது என்று நாடக உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ‘சாவித்திரி’ நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிற்றோடு பாய்ந்து வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்துவிட்டதாம். இன்னொரு முறை ‘நளதமயந்தி’யில் சனீஸ்வரன் வேஷம். விடிகாலையில் நாடகம் முடிந்து, உடம்பெல்லாம் பூசிய கறுப்பைக் கழுவ நீர்நிலைப் பக்கம் போயிருக்கிறார். அரைகுறை வெளிச்சத்தில் எதிரே வந்த ஒரு பெண் அவரைப் பார்த்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனதாக அந்தக் கதை முடிகிறது. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வாய்வழியாக வளர்ந்தது என்று இன்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் விளைவில் சந்தேகமில்லை. அவர் வேஷம் கட்டுவதை நிறுத்தினார். அதற்கப்புறம் மேடைக்குப் பின்னால்தான் அவர் இடம். எழுதுவது, சொல்லிக் கொடுப்பது.

கொஞ்ச காலம் அதுவும் வேண்டாம் என்று கோயில் கோயிலாக அலைந்திருக்கிறார். காவி, முருக பக்தி, தீர்த்த யாத்திரை. சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இந்தக் காலத்தில்தான்.

கஞ்சிரா வீட்டில் கிடைத்த சந்தம்

அந்த அலைச்சலில் இருந்து அவரைப் பிடித்து நிறுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கர்நாடக இசைக் கச்சேரியில் கஞ்சிராவுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் என்றால் அது இவர்தான். உடும்புத் தோல் போர்த்திய சின்ன வாத்தியம், அதை வைத்துக்கொண்டு பெரிய வித்வான்களைத் திணற அடித்தவர். சுவாமிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி நடத்தினார்.

இந்தப் புதுக்கோட்டை வாசம் சாதாரண விஷயம் இல்லை. சுவாமிகளிடம் தமிழ் ஏற்கெனவே இருந்தது. திருப்புகழ்ச் சந்தம் காதில் இருந்தது. அதற்குத் தாளக் கணக்கு சேர்ந்தது இங்கே. அவர் நாடகப் பாட்டுகளில் சொல் எங்கே முடிகிறது, தாளம் எங்கே விழுகிறது என்பது பூட்டும் சாவியும் போல இருக்கும் என்பார்கள் நாடக வாத்தியக்காரர்கள். கற்றுக்கொள்ளும் பையனுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் சந்தம் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். அடியை மறந்தால் தாளமே எடுத்துக் கொடுக்கும். முன்பின் பழகாத ஆட்கள் ஒரே மேடையில் சேர்ந்து பாட முடிவதன் ரகசியத்தில் பாதி இதில் இருக்கிறது.

மீதிப் பாதி வசனத்தில். பாட்டோடு வசனத்தையும் அவர் எழுதி வைத்தார். யார் எப்போது வர வேண்டும், வந்ததும் என்ன பாட வேண்டும், எந்தச் சொல்லில் அடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எல்லாமே பிரதியில் இருக்கும். குறளும் நாலடியும் பள்ளிக்கூடம் போகாத நடிகர் வாயில் சரளமாக வரத் தொடங்கியது இப்படித்தான்.

நடிகர்கள் கேட்டார்களா?

வள்ளி வைத்தியநாத ஐயர் குழு, அல்லி பரமேசுவர ஐயர் குழு, பி.எஸ். வேலு நாயர் குழு என்று சுவாமிகள் பல குழுக்களுக்கு வாத்தியாராக இருந்தார். பெயர்களைக் கவனியுங்கள். வள்ளி, அல்லி எல்லாம் வேஷத்தின் பெயர்கள். ஸ்திரீபார்ட் போட்டே பெயர் வாங்கிய ஆண்கள். அப்போது ரசிகர் கூட்டம் நாடகத்துக்கு இல்லை, ஆளுக்குத்தான். அதனால் ஆள் வைத்ததுதான் சட்டம். முந்தின நாள் மாலை வரை இருந்த ராஜபார்ட் அடுத்த நாள் பக்கத்து ஊர் கம்பெனியில் நிற்பார், கூடவே ஆர்மோனியக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இருப்பவர்களும் எழுதிக் கொடுத்ததைப் பேசுவதில்லை. போதையில் மேடை ஏறுவது, வேண்டியவர் வந்திருந்தால் பாட்டை இழுப்பது, வேண்டாதவரை மேடையிலேயே குத்திப் பேசுவது என்று எல்லாம் உண்டு.

இதற்கு சுவாமிகள் கண்டுபிடித்த வழி, சின்னப் பையன்கள். 1910-ல் ‘சமரச சன்மார்க்க நாடக சபை’யைத் தொடங்கினார். சிறுவர்களைச் சேர்த்து, சாப்பாடு போட்டு, கூடவே தங்கவைத்து, விடிகாலையில் எழுப்பிப் பாடம் சொல்லி, குருகுலம் மாதிரி ஒரு நாடகக் கம்பெனி. செங்கோட்டையிலிருந்து அண்ணன்மாரோடு வந்த குட்டிப் பையன் கிட்டப்பா இங்கேதான் ஆரம்பித்தான். ஆமாம், பின்னாளில் தமிழ்நாட்டையே கிறங்கடித்த எஸ்.ஜி. கிட்டப்பா.

பாய்ஸ் கம்பெனி என்று பின்னால் பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டின் வழியாகத்தான் எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஆர். ராதா எல்லோரும் வந்தார்கள். அதனால் அதைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அங்கே வந்த பையன்களில் பெரும்பாலோர் கலை ஆசையில் வரவில்லை. வீட்டில் சோறு இல்லை, கம்பெனியில் சோறு இருந்தது, அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளை ராத்திரி முழுக்கக் கண் விழித்து நடித்தது. பாடம் தப்பினால் பிரம்பு பேசியது. இன்றைய சட்டப்படி பார்த்தால் ஒரு கம்பெனியும் ஒரு நாள் கூட நடந்திருக்காது.

இந்த வழியிலும் சுவாமிகளால் தப்பிக்க முடியாத எதிரி ஒன்று இருந்தது. மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனுக்குக் குரல் உடையும் பருவத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்று வரை வள்ளியாகக் குயில் மாதிரி பாடியவன், இன்று வாயைத் திறந்தால் தகரம் கிழியும். குரல் திரும்பி வருமா, வந்தால் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் அந்தப் பழைய குரல் வராது. பெரியவர்கள் சம்பளத்துக்காகப் போனார்கள். பையன்கள் வளர்ந்ததால் போனார்கள். கம்பெனி என்னமோ கலைந்துகொண்டேதான் இருந்தது.

குரல் நன்றாக அமைந்தவர்களை வேறு கம்பெனிகள் தூக்கிக்கொள்ளும். கிட்டப்பா சகோதரர்கள் சீக்கிரமே வேறு மேடைக்குப் போனார்கள், 1919 வாக்கில் பிரம்மாண்ட ஜோடனைக்குப் பெயர் பெற்ற கன்னையா கம்பெனியில் இருந்தார்கள். சுவாமிகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஜெகந்நாத ஐயரின் பாய்ஸ் கம்பெனிக்குக் கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தார், பிறகு அதிலிருந்தும் வெளியே வந்தார்.

ஒரே ராத்திரியில் ஒரு நாடகம்

1918-ல் மதுரையில் இன்னொரு கம்பெனி. பெயர் கொஞ்சம் நீளம்: ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’. முதலாளிகள் வேறு சிலர், ஆசிரியர் சுவாமிகள். இங்கே ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தன் மகன்களோடு வந்து சேர்ந்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், அப்புறம் பகவதி. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பின்னால் ஊர் அறிந்தது இவர்களைத்தான். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

அந்தச் சின்னப் பையனிடம் எதையோ பார்த்திருக்கிறார் சுவாமிகள். இவனைக் கதாநாயகனாகப் போட ஒரு நாடகம் வேண்டும். இருக்கிற நாடகங்களில் ராஜபார்ட் எல்லாம் பெரிய ஆளுக்கு எழுதியவை. அபிமன்யு சின்னப் பையன். சரி, அபிமன்யு. ஒரு நாள் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடிவதற்குள் ‘அபிமன்யு சுந்தரி’யைப் பாட்டு, வசனத்தோடு முழுசாக எழுதி முடித்துவிட்டார். இதை சண்முகமே பிற்காலத்தில் தன் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அற்புதம் என்று சொல்லி இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. சுவாமிகள் மனதில் இருக்கும் நாடகத்துக்கு ஆள் தேடவில்லை. கையில் இருக்கும் ஆளுக்கு நாடகம் எழுதினார். செட் மாறினால் எழுத்தும் மாறும். இப்படி அவர் எழுதியவை எத்தனை என்பதற்கு ஆளுக்கு ஒரு கணக்கு உண்டு, 40 என்பார்கள், 68 என்பார்கள். எல்லாம் அச்சில் வரவில்லை. கம்பெனிப் பெட்டிகளில், நடிகர்களின் பாட நோட்டுகளில் சிதறிக் கிடந்தவை நிறைய.

கிடைத்தவற்றின் பட்டியலே போதும்: வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, லவகுசா, பிரகலாதன், சதி அனுசூயா, சுலோசனா சதி. புராணக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. வடமொழி மிருச்சகடிகத்தையும் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் தமிழ் மேடைக்கு எழுதியிருக்கிறார். இதில் ‘பவளக்கொடி’ ஒரு சுவாரசியம். அல்லியின் மகன் விளையாடப் பவளத்தேர் கேட்பான், அதைத் தேடிப் போகும் அர்ஜுனன் பவளக்கொடியிடம் மாட்டிக்கொள்வான். முத்துக்குளித்துறையில் உப்புக் கணக்கு எழுதியவர் பவளத்தை வைத்து ஒரு நாடகம் எழுதி, அது அவருடைய மிகப் பெரிய ஹிட்களில் ஒன்றானது.

பேச்சு நின்றது

1921-ல் பக்கவாதம் வந்தது. கை, கால் விழுந்தது. அதைவிடக் கொடுமை, பேச்சு போனது. எமனாக நின்று கொட்டகையைக் கிடுகிடுக்க வைத்த குரல், நூற்றுக்கணக்கான பையன்களுக்குப் பாடம் சொன்ன குரல், ஒரு சொல் கூட வெளியே வராமல் நின்றுவிட்டது. கடைசிக் காலத்திலும் கம்பெனியோடுதான் இருந்தார். கம்பெனி ஊர் ஊராகப் போனது, பையன்கள் அவர் எழுதியதை நடித்தார்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு வந்தாலும் திருத்திச் சொல்ல வாய் இல்லை.

1922 நவம்பர் 13-ம் தேதி, கம்பெனி புதுச்சேரியில் இருந்தபோது இறந்தார். வயது 55. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து இல்லை, சொந்தமாக ஒரு கம்பெனி நிலைக்கவில்லை. அப்போது பிரெஞ்சு ஊராக இருந்த புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். தூத்துக்குடிக்காரருடைய சமாதி அங்கே இருப்பது இதனால்தான்.

ஆள் போன பிறகு என்ன ஆனது?

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சண்முகம் ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் ஆனார். அவர் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து நாடகம் பழகியவர்களில் ஒருவர் கமல்ஹாசன். 1996-ல் வந்த ‘அவ்வை சண்முகி’ என்ற தலைப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று ஊர் முழுக்கச் சொல்லி நிலைநிறுத்தியதும் சண்முகம்தான். மதுரை தமுக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது.

ஆனால் கம்பெனிகளைவிட அவர் பிரதிக்கு வாழ்வு கொடுத்தது, கம்பெனியே இல்லாதவர்கள். 1926-ல் கொழும்பில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பக்கம் கே.பி. சுந்தராம்பாள், வேலு நாயர் கம்பெனியில் பழகி வந்தவர். இன்னொரு பக்கம் கிட்டப்பா. இரண்டு பேரும் அதற்கு முன் சேர்ந்து நடித்ததில்லை. இந்த ஜோடி மேடையில் இணைந்த நாடகம் ‘வள்ளி திருமணம்’. கிட்டப்பா சுவாமிகளின் பழைய மாணவர், வேலு நாயர் கம்பெனிக்கும் சுவாமிகள் வாத்தியாராக இருந்தவர். இரண்டு பேருக்கும் பாடம் ஒன்று. அடுத்த வருஷம் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் கிட்டப்பா – சுந்தராம்பாள் ஜோடி என்றால் ஸ்பெஷல் ரயில் விடும் அளவுக்குக் கூட்டம் என்று அந்தக் காலத்தவர்கள் பேசுவார்கள். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயதுதான்.

மறு வருஷம் ‘பவளக்கொடி’ சினிமாவாக வந்தது. மேடையில் அதே நாடகத்தை நடித்துக்கொண்டிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் படத்திலும் நடித்தார்கள். பாகவதருக்கு அது முதல் படம். சினிமாவுக்குக் கதை, பாட்டு, நடிகர் எல்லாமே ரெடியாக மேடையில் இருந்தது. எடுத்துக்கொண்டது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின.

மிச்சம் இருந்த நடிகர்கள் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் வந்து தனித்தனியாக ஆள் பேசி, தேதி வாங்கிக்கொண்டு போவார்கள். யார் யாரோடு நடிக்கப் போகிறோம் என்பதை நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நடிகர்கள் இன்றும் உண்டு. கட்டுப்பாட்டுக்காக சுவாமிகள் எழுதிய பிரதி, கட்டுப்பாடே இல்லாத ஒரு ஏற்பாட்டுக்கு அஸ்திவாரம் ஆகிவிட்டது. அவர் கண்டிப்பாக இதை ரசித்திருக்க மாட்டார். முதல் பாதி ராத்திரி பபூனும் டான்ஸும் பேசும் இரட்டை அர்த்தத்தைக் கேட்டால் பிரம்பைத் தேடியிருப்பார். நடிகர்கள் அவர் வசனத்தை அப்படியே சொல்வதும் இல்லை. நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் கேஸ் விலை வரை பேசுவார்கள். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஒரு பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டை ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தால், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்.

வாத்தியங்களும் மாறியிருக்கின்றன. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றோடு ஆல்ரவுண்ட் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். டிரம்ஸ், மணி, விசில் எல்லாம் அவர் பொறுப்பு. பபூன் தடுக்கி விழுந்தால் டமால் சத்தம் இவரிடமிருந்துதான் வரும். மைக் வந்து பல காலம் ஆகிறது. எலக்ட்ரானிக் கீபோர்டு வைத்துக்கொள்ளும் செட்களும் இருக்கின்றன. சுருதி அந்தக் காலத்து உச்சத்தில் இல்லை. ஸ்திரீபார்ட்டில் ஆண்கள் போய்ப் பெண்கள் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன.

புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க ஒரு துறை தொடங்கியபோது அதற்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத்தான் வைத்தார்கள். இந்திரா பார்த்தசாரதி அதை முன்நின்று உருவாக்கினார். நாடக நடிகர் சங்கங்கள் வருஷம்தோறும் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்துகின்றன. ஒவ்வொரு நவம்பர் 13-ம் தேதியும் கருவடிக்குப்பம் சமாதிக்கு மாலையோடு கலைஞர்கள் வருகிறார்கள். சீசன் நேரத்தில் தென் மாவட்டப் பக்கம் போகிறவர்கள் சுவரில் இருக்கும் நாடக நோட்டீஸைக் கொஞ்சம் நின்று படித்துப் பாருங்கள். போட்டோக்களும் ஊர்ப் பெயர்களும் ஒவ்வொரு நோட்டீஸிலும் வேறாக இருக்கும். மேலே பெரிய எழுத்தில் பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’ என்று போட்டிருக்கும்.